புத்தாக்கப் பேட்டையில் ஒரு மிஸ்டு கால்

1

நான் குடியிருக்கும் இடத்துக்கு முன்பு நிலக்கரித் துறை என்று பெயர். பின்லாந்தின் இந்தத் துறைமுக நகரத்துக்குக் கப்பலில் வந்த கரியை இறக்கி மலைமலையாய்க் குவித்து வைத்திருந்தார்களாம். இப்போது கரி இல்லை. பெயரையும் மாற்றிப் புத்தாக்கப் பேட்டை ஆக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் பேட்டை என்றால் லேத்துப் பட்டறையும் டீக்கடையும் லாரி ஹாரனும் இல்லாமல் முடியாது. இந்தப் பேட்டையில் காற்று வீசுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நிறையப் பேர் உட்கார்ந்து எதையோ புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே தலை காட்டுவதில்லை.

தெரு முழுக்கக் கம்பங்கள். பார்வைக்கு விளக்குக் கம்பம் மாதிரி இருக்கும், ஆனால் வெளிச்சம் தருவது அதன் பல வேலைகளில் ஒன்றுதான். வயிற்றுக்குள் பைபர் கேபிள் ஓடுகிறது. இடுப்பில் கார் சார்ஜ் போடுகிற துளை. தலையில் காற்றின் அழுக்கை அளக்கும் கருவி, அதற்கும் மேலே போன் சிக்னலுக்கு ஓர் ஆன்டெனா. கம்பம் நகராட்சியுடையது. உள்ளே ஓடுகிற பைபர் ஒரு தனியார் நிறுவனத்துடையது. கம்பம் பொறுக்கிக் கொடுக்கிற தகவல் இருவருக்கும் பொது. கம்பம் செய்கிற தப்பு மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றதையெல்லாம் ஒப்பந்த மொழியில் எழுதிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம்.

பொது–தனியார் கூட்டு என்று இதற்குப் பெயர். பங்காளிக் கிணறு தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைத்துவிடலாம். ஒருவன் நிலத்தில் கிணறு, இன்னொருவன் மோட்டார். தண்ணீர் பாய்கிற வரைக்கும் அண்ணன் தம்பி என்று தோளில் கைபோட்டுக்கொள்வார்கள். மோட்டார் புகைந்த அன்றுதான் பத்திரத்தைத் தேடுவார்கள். இங்கே பத்திரத்தை முன்கூட்டியே எழுதிவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். நகராட்சிக்காரர்கள் மேசையின் ஒரு பக்கம், கம்பெனிக்காரர்கள் மறுபக்கம். நடுவில் நான், ஒரு பிளாஸ்க் காப்பியுடன்.

வந்த புதிதில் நகராட்சிப் பெரியவர் ஒருவரிடம் பின்னிஷ் மொழியில், "நாளைக் காலை உங்களைக் கொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகத்துடன் நின்றிருக்கிறேன். 'தபான்' என்றால் சந்திக்கிறேன். 'தபன்' என்றால் கொல்கிறேன். குறிலும் நெடிலும் குடித்து வளர்ந்த தமிழச்சிக்கே இந்தக் கதி. அந்த மனிதர் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு மேல் என்றால் வசதி என்றார். இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடித்தது இதுதான். பிடிக்காததும் இதுதான். எதைச் சொன்னாலும் முகம் மாறாது.

இத்தனை பீடிகை எதற்கென்றால், போன குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு வரவேண்டிய மிஸ்டு கால் வரவில்லை.

2

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி இருக்கிற தொழில் நகரத்தில் ஷிப்டு வேலை பார்த்த பெண்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் அண்ணன் ஏழுமலை அங்கே வேன் ஓட்டினவர். கம்பெனி கம்பெனியாகப் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் விடுவதும் ஷிப்டு முடிந்ததும் கொண்டுவந்து சேர்ப்பதும் வேலை. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், அணுபுரம், சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ரூட்டு. கல்யாணத்துக்கு முன்னால் நானும் அந்த வேனில் போய்வந்தவள்தான். ஓட்டுகிறவர் அண்ணன் என்பதால் எனக்கு ஜன்னல் சீட்டு கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். "கடைசியா இறங்கறவதான் உள்ள குந்தணும்" என்று சட்டம் பேசுவார்.

இரண்டாம் ஷிப்டு முடிந்து திரும்புகையில் இருட்டிவிடும். வேன் எல்லா வீட்டு வாசலுக்கும் போகாது. சந்து குறுகல், தெரு நாய், மழை பெய்தால் சகதி. சந்து முனையில் இறக்கிவிடுவார். இறங்கிய பெண் நடந்து வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, அண்ணன் நம்பருக்கு ஒரே ஒரு ரிங் விடவேண்டும். அந்த ரிங் வருகிற வரைக்கும் வேன் நகராது. எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. ஒரு ரிங், கட். வந்துவிட்டது என்றால் கியர் போடுவார். ரிங் விட மறந்துபோய் ஒரு பெண் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் போச்சு, சந்துக்குள் நடந்து போய்க் கதவைத் தட்டுவார். "இன்னாமே, வூடு வந்து சேந்தியா இல்லியா? வண்டி நிக்குது, மத்த பொண்ணுங்க குந்திகினு கீதுங்க" என்று அவர் போடுகிற சத்தத்தில் தெருவே எழுந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

அந்தப் பக்கத்து வேன்காரர்கள் பலருக்கும் இந்த வழக்கம் உண்டு. யார் தொடங்கியது என்று தெரியாது. எந்தக் கம்பெனியும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் அந்த ஒரு ரிங்கை நம்பித்தான் வேலைக்கு அனுப்பினார்கள்.

கல்யாணமாகி நான் விமானம் ஏறிய நாளில் அண்ணன் சொன்னது ஒன்றுதான். "போய் இறங்கி வூட்டுக்குள்ள போனதும் ரிங்கு வுடு." விட்டேன். அதற்கு மறுநாள் என் போனில் ஒரு ரிங் அடித்து நின்றது. அவர்தான். ரூட்டு முடித்து, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, எனக்கு ரிங் விட்டிருக்கிறார். அன்றிலிருந்து அப்படியே நடந்துவந்தது. அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம், எனக்குச் சாயங்காலம். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பேன். போன் ஒருமுறை அடித்து ஓயும். சரி, அண்ணன் வந்துவிட்டார் என்று அடுப்பைப் பற்றவைப்பேன்.

அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அவர் ஒற்றை ஆள். பிள்ளைகள் இல்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சின்ன வீடு. நானாகப் போன் செய்தால் எடுப்பார். "இன்னா பாப்பா? நல்லா கீறியா? கொயந்த நல்லா கீதா? சரி, வெச்சிடட்டா?" இவ்வளவுதான் எங்கள் அண்ணன் தங்கைப் பாசத்தின் மொத்த வசனமும். அவர் பேசாத ஆள் இல்லை. வேனில் ஏறினால் வாய் ஓயாது. போனில் பேசுவது என்றால் மட்டும் யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி ஆகிவிடுவார். நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் போன் பெட்டி பிரிக்காமல் பீரோவில் வேட்டிகளோடு தூங்குகிறது. அவருக்குப் பட்டன் போன்தான் போன்.

3

அந்தச் செவ்வாய்க்கிழமை சப்பாத்தி மாவு காய்ந்துபோனது. போன் அடிக்கவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் மனசு எங்கெங்கே போகும் என்று. மதுராந்தகம் ரோட்டில் லாரி கவிழ்ந்தது வரைக்கும் போய், எந்த விமானத்துக்கு டிக்கெட் கிடைக்கும் என்பது வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது. கணவருக்கு வேறு ஊரில் வேலை, வெள்ளிக்கிழமை ரயிலில்தான் வருவார். பெண் இனியா தன் அறையில் ஹெட்போனுக்குள் இருந்தாள். நான் சமையலறையில் நின்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் எனக்குத் தெரிந்தவர்கள் நிறைய. அந்த நேரத்தில் கூப்பிட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்கூட இல்லை.

மறுநாள் காலை அண்ணன் எடுத்தார்.

"இன்னா பாப்பா, இத்தினி தபா அடிச்சிகீற? போன சார்ஜுல போட்டுட்டு தூங்கிட்டேன்."

"நேத்து ஏன் ரிங்கு வுடல?"

"வுட்டேனே. அடிச்சிச்சே. கட் பண்ணிட்டுத்தான் துன்னேன்."

"எனக்கு வரல ண்ணா."

"உன் போன்ல எதனா கோளாறு கீதா பாரு. சரி, வெச்சிடட்டா?"

அன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கேட்டால் விட்டேன் என்கிறார், அவர் காதில் அடித்ததாம். அங்கே அடிக்கிறது, இங்கே கேட்கவில்லை. நடுவில் எங்கேயோ விழுந்துவிடுகிறது. கடலிலா, காட்டிலா, எந்த நாட்டு எல்லையிலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், என் அலுவலகத்துக்குக் கீழ்த்தளத்தில்.

4

எங்கள் பேட்டையில் போன், இணையம், வெந்நீர், குப்பை எல்லாம் வீட்டு வாடகையோடு சேர்ந்தே வரும். கூட்டுத் திட்டத்தின் பெருமைகளில் அது ஒன்று. கொஞ்ச காலமாக இங்கே ஒரு மோசடி நடக்கிறது. ஏதோ ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு ரிங் அடித்து நிற்கும். யாரோ என்னமோ என்று நாம் திருப்பிக் கூப்பிட்டால், நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு உருவிவிடுவார்கள். வயசானவர்கள் சிலர் ஏமாந்து புகார் கொடுக்க, கூட்டுத் திட்டம் ஒரு வடிகட்டியை வாங்கிப் பொருத்தியது. வெளிநாட்டு எண், ஒரு ரிங், பேச்சு இல்லை, தினமும் அதே நேரம். இப்படி ஓர் எண் வந்தால் அது மோசடி. அந்த எண்ணைத் தனியே எடுத்து வைத்துவிடும். கூப்பிடுகிறவன் காதில் அடிக்கும், நமக்கு அடிக்காது. விசாரித்ததில் தெரிந்தது, அண்ணன் ஏழுமலையைக் கணினி கச்சிதமாகப் பிடித்துவிட்டது.

சரி, நம் அலுவலகம்தானே, சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கம்பெனிக்காரரிடம் போனேன். வடிகட்டி எங்களுடையது, ஆனால் யாரைத் தடுப்பது என்ற கொள்கை நகராட்சியுடையது, அவர்களைக் கேளுங்கள் என்றார். நகராட்சியில் கேட்டேன். கொள்கை எங்களுடையது, தனிப்பட்ட எண்ணைத் தடுத்தது இயந்திரம், அது கம்பெனிச் சொத்து என்றார்கள். இரண்டு பேரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். இரண்டு பேரும் சொன்னது ஒப்பந்தப்படி சரி. அந்த வாசகங்களின் நிறுத்தக்குறிகள்கூட எனக்கு மனப்பாடம்.

மூன்றாவதாகத் தனியுரிமை அதிகாரி. அந்த அம்மாள் சொன்னது இன்னும் அழகு. தடுக்கப்பட்ட எண்ணின் உரிமையாளர்தான் விண்ணப்பிக்க முடியும், தங்கை விண்ணப்பிக்க முடியாதாம். உரிமையாளர் இந்த நாட்டு வங்கியின் மின்னணு அடையாளத்தோடு உள்ளே நுழைந்து, தான் மோசடிக்காரர் அல்ல என்று உறுதி சொல்லவேண்டும். சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழுமலை, பின்லாந்து வங்கியில் கணக்குத் தொடங்கி, பின்னிஷ் மொழியில், நான் யோக்கியன் என்று எழுதவேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறேன். இங்கே பிள்ளையாரும் இல்லை, குரங்கும் இல்லை, களிமண் யாருடையது என்பதில்தான் நிற்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. கூட்டத்தில் கேட்டேன், கொஞ்சம் குரல் உயர்த்தியே கேட்டேன். "ஒரு ரிங் விட்டால் மோசடி என்று யார் சொன்னது? எங்கள் ஊரில் ஒரு ரிங் என்றால் வீடு வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம்." ஒருவர், சுவாரசியமான பயன்பாடு, குறித்துக்கொள்கிறோம் என்றார். குறித்தும் கொண்டார். பிறகு அடுத்த தலைப்புக்குப் போனார்கள், கம்பங்களுக்கு என்ன நிறம் அடிப்பது என்பது பற்றி.

5

இனியாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பதின்மூன்று வயசு. பின்னிஷ் மொழியில் கனவு காண்கிறவள். தமிழில் கேட்டால் பாதி நேரம் பின்னிஷில்தான் பதில் வரும். லிப்டில் ஒருநாள் நான் ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண்ணை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன், வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்து, "எல்லார் முன்னாடியும் அப்படிக் கூப்பிடாதம்மா, இங்க அதுக்குக் கிழவின்னு அர்த்தம்" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

"ஏம்மா, மாமாவுக்குப் பேசப் பிடிக்காதா? பேசாம எதுக்கு கால் பண்றாரு?"

வேன் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். அப்புறம் தோளைக் குலுக்கினாள். "அப்போ அது ஒரு பிட்தான். ஒண்ணு இல்லேன்னா சைபர். அதுக்கு வேற வழி எவ்வளவோ இருக்கே. மாமா போன்ல மேப் போட்டுவிடு, புள்ளி எங்க இருக்குன்னு பாத்துக்கலாம். என்னைப் பாக்கறியே, அந்த மாதிரி."

உண்மைதான். அவள் பள்ளி விட்டு வருவதைப் புள்ளியாகத்தான் பார்க்கிறேன். புள்ளி டிராமில் ஏறும், பாலத்தைத் தாண்டும், எங்கள் கட்டடத்துக்குள் நுழையும். அதனால் அவள் வந்ததும் வந்துவிட்டேன் என்று சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லையே. செருப்பைக் கழற்றுகிற சத்தம், பிறகு அறைக் கதவு. சாப்பிட வா என்று நான் சமையலறையிலிருந்து அவளுக்கு மெசேஜ் அனுப்புவேன். கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வரும். அவள் மேல் எனக்குக் குறை இல்லை. நல்ல பெண். இருந்தாலும் சில நாள், ஒரே வீட்டில் இரண்டு புள்ளிகளாக இருக்கிறோம் என்று தோன்றும்.

வேறு கம்பெனி சிம் ஒன்று வாங்கிக்கொள் என்று கணவர் சொன்னார். நியாயமான யோசனை. ஆனால் அண்ணனுக்கு என் இந்த எண் விரலில் படிந்த எண். பார்க்காமல் அழுத்துவார். அதோடு, உண்மையைச் சொல்லவேண்டுமானால், எனக்கு அடம். நான் சம்பளம் வாங்குகிற திட்டம், நான் வாடகை கொடுக்கிற வீடு, என் அண்ணனை மோசடிக்காரன் என்று வைத்திருக்கிறது. அதைத் திருத்தாமல் சிம்மை மாற்றிக்கொண்டு போக மனசு வரவில்லை.

6

கீழ்த்தளத்தில் கூட்டுச் சேவை மேசை என்று ஒன்று உண்டு. அதில் யூஹா என்று ஒருவர். நகராட்சி ஆளா கம்பெனி ஆளா என்று அவருக்கே சரியாகத் தெரியாது, சம்பளம் பாதிப் பாதி வருகிறது. ஒருநாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். என் கதை எப்படியோ அவர் காதுக்கும் போயிருக்கிறது. மத்தியான உணவு நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"விதியில் வழி இல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சோதனை என்று ஒரு பிரிவு இருக்கிறது" என்றார்.

வடிகட்டியை அவ்வப்போது சோதித்துப் பார்க்க, ஒரு சில எண்களை ஒரு மாலைப்பொழுது மட்டும் திறந்துவிடலாமாம். அந்த மாலையில் அண்ணன் கூப்பிடவேண்டும். நான் எடுக்கவேண்டும். இரண்டு பேரும் மனிதர்கள் பேசுகிற மாதிரி பேசவேண்டும். அவர் ஒரு வரி, நான் ஒரு வரி, நடுவில் சிரிப்பு, இருமல், எதுவானாலும் சரி. அப்போது கணினிக்கு நம்பிக்கை வரும். என் போனில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டம் இருக்கும், நம்பிக்கை வந்துவிட்டால் பச்சையாகும். பச்சையானால் அதற்குப் பிறகு எத்தனை ஒற்றை ரிங் விட்டாலும் தடுக்காது.

"எவ்வளவு நேரம் பேசவேண்டும்?"

"அது அதற்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு யூஹா போய்விட்டார். அவருக்கு நன்றி சொல்லத் துரத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அண்ணனை இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. பேசினால்தான் அவர் எண்ணுக்கு விடுதலை என்பதையும், பச்சை வந்தால் போதும் என்பதையும் விளக்கினேன்.

"நாளைக்கு ரிங்கு வுட்டுட்டு கட் பண்ணாத ண்ணா. நான் எடுப்பேன். பேசணும்."

"இன்னா பேசணும்?"

"எதனா."

"எதனான்னா இன்னாத்த பேசறது? பேஜாரா கீதே. மெஷினு கேக்கறதுக்காவ நாம பேசணுமா?"

"ஆமா."

"சரி. நீ கேளு, நான் சொல்றேன்."

7

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. எடுத்தேன். மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். மஞ்சள் வட்டம் கண்ணெதிரே இருந்தது.

"ம். எடுத்துட்டியா? பேசு" என்றார் அண்ணன், கோர்ட்டுக் கூண்டில் ஏறினவர் மாதிரி.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தோசை என்றார். கடைத் தோசையா வீட்டுத் தோசையா என்று கேட்டேன். கடை என்றார். மழை பெய்கிறதா என்றேன். இல்லை என்றார். கேள்வி பதில் இப்படியே போனால் எந்தக் கணினியும் எங்களை மனிதர்கள் என்று ஒப்புக்கொள்ளாது என்று எனக்குக் கவலை வந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது.

"இன்னிக்கு ரூட்டு சீக்கிரம் முடிஞ்சிதா?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

லைன் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். வட்டம் மஞ்சளாகவே இருந்தது.

"ரூட்டு இல்ல பாப்பா."

"இன்னிக்கு லீவா?"

"வண்டியே இல்ல. குடுத்துட்டேன். போன தீவாளிக்கு முன்னாடியே குடுத்தாச்சி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. அத்தனை நாளும் என் போன் ஒவ்வொரு சாயங்காலமும் அடித்துத்தானே ஓய்ந்தது. வண்டியை நிறுத்திவிட்டார், வீட்டுக்கு வந்துவிட்டார் என்றுதானே நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"ஏன் ண்ணா? இன்னா ஆச்சி?"

"புது பஸ்ஸு வுட்டுகீறாங்க. கரண்டு பஸ்ஸு. கவர்மெண்டும் கம்பெனிக்காரங்களும் சேந்து வுட்டது. ஆப்புல சீட்டு போட்டுகினு ஏறுதுங்க பொண்ணுங்க. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு கம்பம் நட்டுகீறாங்க, நீ தபால்ல போட்டோ அனுப்புனியே உன் ஊரு கம்பம், அதே மாரி. கேமரா கீது, லைட்டு கீது, ஒரு பட்டன் வேற கீது, அமுக்குனா போலீசு வருமாம். நல்லாத்தான் கீது பாப்பா. குறை சொல்லக் கூடாது. ஏசி வேற."

"உனக்கு அதுல எதனா வேல கேட்டியா?"

"கேட்டேன். கவர்மெண்டுல போய்க் கேட்டா கம்பெனிய கேளுன்றான். கம்பெனில கேட்டா அது கவர்மெண்டு சமாச்சாரம்ன்றான். ரெண்டு தபா போனேன். அப்பால வுட்டுட்டேன்."

அந்த மேசையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்தக் குரலில் அதைச் சொல்லியிருப்பார்கள் என்பதுகூடத் தெரியும். அப்படிப்பட்ட மேசையின் நடுவில்தானே எனக்குச் சோறு. என் அண்ணன் அந்த மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துக்குவ. அங்க ஒண்டியா கீற. வேல போச்சு, அண்ணன் ஒண்டியா இன்னா பண்றானோன்னு நெனச்சிகினு இருப்ப. எதுக்கு? ரிங்கு வந்தா நிம்மதியா இருப்பன்னு வுட்டுகினு இருந்தேன்."

"வண்டி இல்லாம எந்த நேரத்துல வுடணும்னு எப்பிடித் தெரியும் உனக்கு?"

அண்ணன் சிரித்தார். அவர் போனில் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"அத்த ஏன் கேக்கற? நம்ம வண்டில வந்துகினு இருந்துச்சே ரெண்டு பொண்ணுங்க. ஒண்ணு அணுபுரம், ஒண்ணு சதுரங்கப்பட்டினம், கோட்ட சொவுத்துக்குப் பின்னாடி சந்து. அதுங்க ரெண்டும் இன்னும் எனக்கு ரிங்கு வுடுதுங்க. பஸ்ஸு வேற, டிரைவரு வேற, ரிங்கு மட்டும் எனக்கு. வேணாம்மான்னு சொல்லிப் பாத்தேன். பழகிடுச்சிண்ணா, வுடலேன்னா சோறு எறங்கலன்னுதுங்க. சரின்னு நானும் போன கையில வெச்சிகினு வாசல்ல குந்தியிருப்பேன். அணுபுரம் மொதல்ல வரும். சதுரங்கப்பட்டினம் கொஞ்சம் லேட்டாவும். அது வந்துச்சின்னா, சரி, எல்லாம் வூடு போய்ச் சேந்துடுச்சின்னு உனக்கு வுடுவேன். உனக்கு வுட்டாத்தான் எனக்கு ரூட்டு முடிஞ்ச மாரி."

இனியாவின் அறைக் கதவு திறந்தது. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. அவளுக்குப் பாதி வார்த்தை புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனைப் பார்த்தாள்.

"ரெண்டு பொண்ணும் இன்னிக்கு வுட்டுச்சிங்களா ண்ணா?"

"அணுபுரம் வுட்டுச்சி. சதுரங்கப்பட்டினம் இன்னும் இல்ல. உங்கிட்ட பேசிகினு கீறேனே, லைனு பிசின்னு வரும் அதுக்கு. இத்தினி நேரம் போன்ல நான் பேசுனதே இல்ல. தொண்ட வறண்டுபோச்சி." தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. சொம்பைக் கீழே வைத்தார். "இன்னா சொல்லுது உன் மெஷினு? பச்ச வந்துச்சா? வெச்சிடட்டா?"

இனியா விரலை நீட்டித் திரையைக் காட்டினாள். வட்டம் பச்சையாகியிருந்தது. எப்போது ஆனது என்று நான் கவனிக்கவில்லை.

"இன்னும் வரல ண்ணா" என்றேன். "பேசு."